'அ' அதிகம் வந்தால் தூக்கிப் போடு

ஆமா அக்கா, அத்தான் என் பையில பார்த்தது பொம்பளப் புள்ளைங்க பத்திரிகைதான். ஒண்ணு இல்ல, நாலு. ஆனா அவர் உன்கிட்ட போன்ல சொன்ன மாதிரி நான் அதை ஒளிச்சு வச்சுப் படிக்கல. ஒளிச்சு வச்சுத் தயாரிக்கிறேன். ரெண்டுல எது உனக்குப் பெரிய அதிர்ச்சின்னு நீயே முடிவு பண்ணிக்கோ.

அன்பும் அதைவிட அதிகமா பயமும் உள்ள உன் தம்பி எழுதுறது. கடுதாசின்னா முதல்ல நலம் கேக்கணுமாமே. அந்த ஊர் லேப்ல புது மிஷின் பழகிட்டியா, ஹாஸ்டல் மெத்தையில முதுகு வலி இருக்கா, இன்னும் பத்து நாள் பயிற்சியை நல்லபடியா முடிச்சுட்டு வா. இங்க அத்தான் நலம், வீடு நலம், அத்தான் ரிப்பேருக்குக் கொண்டு வந்து ஹால்ல நிறுத்தியிருக்கிற மூணு ஃப்ரிட்ஜும் நலம். உன் பொண்ணு நலமில்ல. அதுக்குக் காரணம் நான். "போன்ல பேசினா நீ வழுக்கிடுவ, உட்கார்ந்து எழுது, சாயங்காலம் அத்தான் பஸ்ஸுல வரும்போது குடுத்து விடு, பொய் எழுதினா உன் கையெழுத்தே காட்டிக் குடுத்துடும்"னு சொன்னல்ல, இந்தா எழுதுறேன். காலேஜுல கூட நான் இவ்வளவு பக்கம் எழுதினதில்ல. எழுதியிருந்தா மூணாவது செமஸ்டர்லயே வெளிய வந்திருக்க மாட்டேன்.

முதல்ல வேலை விஷயம். பிரஸ்ல பண்டல் கட்டுறேன்னு உன்கிட்ட சொன்னேன். பண்டல் கட்டினது நிஜம்தான், ஒம்பது நாள். பத்தாவது நாள் பக்கம் அமைக்கிற பையன் சொல்லாம கொள்ளாம நின்னுட்டான், பத்திரிகை ஆசிரியர் மேடம் பிரஸ்ஸுக்கே வந்து எட்டிப் பார்த்து "உங்கள்ல யாருக்குடா கம்ப்யூட்டர் தெரியும்"னு கேட்டாங்க, நான் கையைத் தூக்கினேன். அவ்வளவுதான் நேர்முகத் தேர்வு. பத்திரிகை பேரு 'பளபளா'. பதிமூணுல இருந்து பத்தொம்பது வயசு வரைக்கும் உள்ள பொண்ணுங்களுக்கு. ஃபேஷன், நட்சத்திரங்க, முகப்பரு, கண்ணீர், இதுதான் உள்ள. இதை எப்படி அக்கா நான் வீட்ல சொல்லுவேன்? உன் பொண்ணு ஒவ்வொரு மாசமும் முதல் தேதி கடை திறக்கிறதுக்கு முன்னாடி போய் நின்னு வாங்குற பத்திரிகை அது. அதுல நான்தான் பக்கம் போடுறேன்னு தெரிஞ்சா ஒண்ணு என்னை மதிக்க ஆரம்பிச்சுடுவா, இல்ல பத்திரிகையை மதிக்கிறதை நிறுத்திடுவா. ரெண்டுமே நல்லதுக்கில்லன்னு நினைச்சேன்.

நீ அந்த ஆபீஸைப் பார்த்ததில்ல. பளபளான்னா கண்ணாடிக் கதவு, உயரமான பொண்ணுங்க, துணி தொங்குற ஸ்டாண்டுன்னு நானும் நினைச்சுக்கிட்டுத்தான் படி ஏறினேன். செருப்புக் கடைக்கு மேல ரெண்டாவது மாடி. பசை நாத்தம். ஒரு ஜன்னல், அதுவும் பாதி திறக்காது. மூணு மேசை, மூணு பேர், நாலாவது நாற்காலியில கால் இல்ல. ஃபேஷன் பக்கம் எழுதுற 'ஸ்டைல் இளவரசி' யாருன்னு கேட்டேன். மூலையில ஐம்பத்தெட்டு வயசுல ஒருத்தர், ரெண்டே ரெண்டு சட்டையை மாத்தி மாத்திப் போடுறவர், கையைத் தூக்கினாரு. அதுக்கு முன்னாடி இருபது வருஷம் டிராக்டர் பத்தி ஒரு மாத இதழ் நடத்தினவராம். அது நின்னு போச்சு, மேடம் இங்க கூட்டிக்கிட்டு வந்துட்டாங்க. நாங்க டிராக்டர் சார்னுதான் கூப்பிடுவோம். நல்ல மனுஷன், ஆனா கை பழக்கம் போகல. "இந்தக் காலணி மேட்டில் நன்றாக ஏறும், சேற்றில் சிக்காது, பராமரிப்புச் செலவு குறைவு"ன்னு எழுதுவாரு. பாவாடையைப் பத்தி "வளைவுகளில் நிதானமாகத் திரும்பும்"னு எழுதினாரு. அதைப் படிச்சுட்டுத்தான் உன் பொண்ணு கண்ணாடி முன்னாடி நின்னு நிதானமா திரும்பித் திரும்பிப் பார்த்தா, நீ கூட "என்னடி, கழுத்து சுளுக்கா"ன்னு கேட்டியே. அது டிராக்டர் சார் பண்ணின வேலை.

அப்புறம் நட்சத்திரப் பேட்டி. அதுக்கு நட்சத்திரம் வேணும்னு நான் நினைச்சேன். வேணாமாம். மேடம் பிரஸ்ஸுக்கு போன் பண்ணி "இந்த மாசம் எந்தக் கலர் மை நிறைய இருக்கு"ன்னு கேட்டாங்க. மஞ்சள்னு சொன்னாங்க. உடனே அட்டையில இருக்கிற நடிகைக்குப் பிடிச்ச நிறம் மஞ்சள், ராசியான நிறம் மஞ்சள், சின்ன வயசுல தொலைச்ச பொம்மையும் மஞ்சள். அந்த நடிகைக்கு இப்படி ஒரு பொம்மை தொலைஞ்சதே தெரியாது. அக்கா, ஞாபகம் இருக்கா, மூணு ஞாயித்துக்கிழமை கடை கடையா ஏறி இறங்கி ஒரு மஞ்சள் ஸ்கூல் பை வாங்கினியே, கால் வீங்கி அத்தான் ஒத்தடம் குடுத்தாரே. பிரஸ்ல ஒரு டப்பா மை மிஞ்சிப் போச்சு, அவ்வளவுதான் விஷயம். எனக்கு அன்னிக்கு மயக்கமே வந்துச்சு. டிராக்டர் சார்தான் தண்ணி குடுத்து, "தம்பி, எங்க பழைய பத்திரிகையில எஞ்சின் திறனைக் கூட இப்படித்தான் போடுவோம்"னு ஆறுதல் சொன்னாரு. அதுக்கப்புறம் எனக்கு டிராக்டரைப் பார்த்தாலும் பயம்.

சரி, இப்ப முக்கியமான இடத்துக்கு வரேன். நீ எதையாவது பிடிச்சுக்கோ.

கடைசிப் பக்கத்துக்கு முந்தின பக்கம் 'உன்னையே டெஸ்ட் பண்ணு'. பத்துக் கேள்வி, ஒவ்வொண்ணுக்கும் அ, ஆ, இன்னு மூணு பதில். எது அதிகமா வருதோ அதுக்கு ஏத்த முடிவு கீழ ஒரு கட்டத்துல தலைகீழா அச்சாகியிருக்கும். 'எங்கள் நிபுணர் குழு'ன்னு மேல போட்டிருக்கும். நிபுணர் குழுன்னா நானும் அந்தக் கால் இல்லாத நாற்காலியும். அந்த மாசத் தலைப்பு 'உன் உயிர்த்தோழி நிஜமா, நடிப்பா?'. கீழ பிரஸ் ஆள் பைக்கை ஆஃப் பண்ணாம நிக்கிறான், மேடம் "ஒரு மணி நேரத்துல பக்கம் வேணும்"ங்குறாங்க. தோழிங்களைப் பத்தி எனக்கு என்ன தெரியும்? எனக்குத் தெரிஞ்ச தோழிங்க ரெண்டே பேரு. ஒண்ணு உன் பொண்ணு, நம்ம வக்கீல். இன்னொண்ணு எதிர் வீட்டுப் பொண்ணு, அந்த சாட்சி. நீதானே ரெண்டு பேருக்கும் பேர் வச்ச? இவ நாலு வயசுல "ஏன் தூங்கணும், காரணம் சொல்லு"ன்னு கேட்டா, அவ பக்கத்துல நின்னு "ஆமா, சொல்லுங்க"ன்னு தலையாட்டினா. பத்து வருஷமா அதே ஜோடி, இவ வாதாடுவா, அவ தலையாட்டுவா.

அதனால அவளையே நினைச்சுக்கிட்டு மடமடன்னு அடிச்சேன். 'மழை நேரத்தில் ஒரே ஒரு பச்சைக் குடை. உன் தோழி: அ) உன் பக்கம் சாய்த்துப் பிடிப்பாள், ஆ) தன் பக்கம் சாய்ப்பாள், இ) குடையோடு ஓடிவிடுவாள்.' சாட்சி எப்பவும் வலது தோள் நனைஞ்சுதான் வீட்டுக்கு வருவா, பார்த்திருக்கேன்ல. 'உனக்குக் காய்ச்சல் வந்தால்: அ) உனக்கும் சேர்த்து நோட்டு எழுதுவாள்.' போன வருஷம் எழுதினாளே, வக்கீலோட கோணல் கையெழுத்தைக் கூட அப்படியே போட்டு. இப்படி பத்துக் கேள்விக்கும் அவ என்ன பண்ணுவாளோ அதெல்லாம் 'அ'. சொல்லக் கூடாது, எழுதி முடிச்சப்ப எனக்கே கொஞ்சம் பெருமையா இருந்துச்சு. காலேஜை விட்டதுக்கு அப்புறம் நான் உருப்படியா எழுதினது இதுதான்னு நினைச்சேன்.

அந்தப் பெருமையிலதான் தப்பு நடந்துச்சு. எங்க ஆபீஸ்ல புதுப் பக்கம்னு ஒண்ணைப் புதுசா பண்ணவே மாட்டோம். போன மாசப் பக்கத்தைத் திறந்து, பழைய எழுத்து மேலயே புது எழுத்தை அடிப்போம். தலைப்பை மாத்தினேன். பத்துக் கேள்வியையும் மாத்தினேன். கீழ தலைகீழா இருக்கிற முடிவுக் கட்டத்தை மாத்தல. தலைகீழா இருக்கிறதை யாரு அக்கா படிப்பாங்க? பைக் காரன் வேற ஹாரன் அடிச்சுட்டான். அனுப்பிட்டேன்.

போன மாசத் தலைப்பு 'உன் பழைய ஜீன்ஸ்: வைத்துக்கொள்ளலாமா, வேண்டாமா?'

இப்ப புரியுதா? பத்து வருஷம் குடை பிடிச்ச தோழிக்கு 'அ' போட்டு, கூட்டிப் பார்த்து, பத்திரிகையைத் தலைகீழா திருப்பினா அங்க என்ன இருந்துச்சு தெரியுமா? அப்படியே தரேன். 'அ அதிகம் வந்தால்: இதன் காலம் முடிந்துவிட்டது. நீ வளர்ந்துவிட்டாய், இது வளரவில்லை. இரக்கம் பார்க்காமல் தூக்கிப் போடு. அந்த இடத்தில் புதிதாக ஒன்றை மாட்டு. ஆ அதிகம் வந்தால்: இரண்டு முறை துவைத்துப் பார், சாயம் போகாவிட்டால் வைத்துக்கொள். இ அதிகம் வந்தால்: தங்கைக்குக் கொடுத்துவிடு, அவளுக்குச் சரியாக இருக்கும்.'

நான் என்ன நினைச்சேன்னா, எந்தப் பொண்ணும் இதை நம்பாது, துவைன்னு இருக்கு, சாயம்னு இருக்கு, ஏதோ பக்கம் மாறிப் போச்சுன்னு சிரிச்சுட்டுப் போயிடுவாங்கன்னு. இதழ் வெளிவந்து நாலாம் நாள் தபால் வந்துச்சு. மூட்டையா வந்துச்சு. டிராக்டர் சார் ஒவ்வொண்ணா கண்ணாடியை ஏத்தி ஏத்திப் படிச்சாரு. ஒரு பொண்ணு எழுதியிருக்கு: 'என் தோழியை இரண்டு முறை நீச்சல் குளத்துக்கு அழைத்துச் சென்றேன். சாயம் போகவில்லை. வைத்துக்கொள்கிறேன், நன்றி.' இன்னொரு பொண்ணு: 'நீங்கள் சொன்னபடி என் தோழியைத் தங்கைக்குக் கொடுத்துவிட்டேன். இப்போது இரண்டு பேரும் என்னை விளையாட்டுக்குச் சேர்ப்பதில்லை. திரும்ப வாங்க முடியுமா?' மேடம்கிட்ட ஓடினேன். "மேடம், தப்பு பண்ணிட்டேன், அடுத்த இதழ்ல திருத்தம் போடுங்க"ன்னேன். அவங்க தபால் மூட்டையைக் கையில தூக்கிப் பார்த்தாங்க, எடை பார்க்குற மாதிரி.

"எது தப்பு? இதுவரைக்கும் இந்தப் பக்கத்துக்கு எத்தனை கடிதம் வந்திருக்கு தெரியுமா?"

"எத்தனை மேடம்?"

"ஒண்ணு. அதுவும் நான் எழுதினது. நம்ம பத்திரிகையில தப்பு வராதுப்பா. வந்தா அதுக்குப் பேரு டிரெண்டு. அடுத்த மாசம் 'உன் அப்பா' போடு, இதே கட்டத்தோட."

அக்கா, அத்தானைக் காப்பாத்தணும்னா அடுத்த மாசம் அந்தப் பத்திரிகையை வீட்டுக்குள்ள விடாத.

அன்னிக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன். நீ பயிற்சிக்குப் போய் மூணாவது நாள். வக்கீல் கட்டில்ல உட்கார்ந்திருக்கா, மடியில 'பளபளா', தலைகீழா. "பத்துக்குப் பத்து அ"ன்னா. சாப்பிடக் கூப்பிட்டா வரல. அந்த வாரத்துலதான் எதிர் வீட்டு அங்கிளுக்கு பேங்க்ல மாத்தல் ஆர்டர் வந்துச்சு, நாளைக்கு ஞாயித்துக்கிழமை வீட்டைக் காலி பண்ணிக்கிட்டு வேற ஊருக்குப் போறாங்க, உனக்கும் தெரியும். பரீட்சைக்கு இன்னும் மூணு மாசம்தான் இருக்கு, நடுவுல புள்ளையைப் பிடுங்கிக்கிட்டுப் போறாங்களேன்னு நீ கூட வருத்தப்பட்ட. அந்தப் பத்து வருஷப் பழக்கத்துக்கு மிச்சம் இருக்கிறதே இந்தப் பதினஞ்சு நாள், அதையும் என் ஜீன்ஸ் கட்டம் தின்னுடுச்சு.

மறுநாள் காலையில வக்கீல் என் முன்னாடி ஒரு அட்டைப் பெட்டியை வச்சா, அத்தானோட கம்ப்ரஸர் வந்த பெட்டி, சுத்தி டேப் போட்டு ஒட்டியிருந்தா. "அவ குடுத்ததெல்லாம் இதுல இருக்கு. கொண்டு போய்க் குடு. அவ என்னோடதைக் குடுப்பா, வாங்கிட்டு வா"ன்னா.

"நீயே போயேன், ரோடு தாண்டினா வீடு."

"நான் அவ மூஞ்சில முழிக்க மாட்டேன்."

"ஏய், அந்த டெஸ்ட்டெல்லாம் சும்மாடி."

"அப்படியா? எப்படி உனக்குத் தெரியும்?"

குறுக்கு விசாரணை ஆரம்பிச்சுடுச்சு. நீ பெத்ததாச்சே. ரெண்டு நிமிஷம் தாக்குப் பிடிச்சேன், மூணாவது நிமிஷம் எல்லாத்தையும் கக்கிட்டேன், செருப்புக் கடை, டிராக்டர் சார், ஜீன்ஸ், பைக் ஹாரன், எல்லாம். அவ முகத்துல ஒரு மாத்தமும் இல்ல. "நீ மூணு செமஸ்டர் கூடத் தாண்டல. பத்திரிகை தப்புன்னு நீ சொன்னா நான் நம்பணுமா? பத்திரிகையிலயே போடச் சொல்லு, நம்புறேன்"னுட்டா. அப்புறம் ரெண்டு நிபந்தனை. ஒண்ணு, சாட்சிகிட்ட நான் ஒரு வார்த்தை பேசக் கூடாது, பேசினா நான் பார்க்குற வேலையை உன்கிட்ட சொல்லிடுவா. ரெண்டு, பாவம் பண்ணினவன் ரூம்ல படுக்கக் கூடாது, என் ரூமைக் காலி பண்ணிட்டு ஹால்ல ஃப்ரிட்ஜுங்களோட படுக்கணும். படுத்தேன் அக்கா. இந்த ரெண்டு வாரமா மூணாவது ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்துல. அது அப்பப்ப குலுங்கும், நானும் குலுங்குவேன்.

பெட்டி தூக்கின கதையைச் சொன்னா நீ அழுதுடுவ. நான் எதிர் வீட்டுக் கேட்டுல நிப்பேன். சாட்சி அவ பெட்டியை இழுத்துக்கிட்டு வந்து கீழ வைப்பா, நான் கொண்டு போன பெட்டியை எடுத்துக்குவா, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்குவா, தோள் ரெண்டும் குலுங்கும். வாயைத் துணியால பொத்திக்கிட்டு உள்ள ஓடிடுவா. அந்தப் பொண்ணு அப்படி அழுது நான் பார்த்ததே இல்ல. மொத்தம் அஞ்சு தடவை. அக்கா, இதுல எனக்கு ஒரு விஷயம் உறைச்சுது, கேளு. நம்ம வீட்ல இருந்து போன பெட்டி அஞ்சும் பஞ்சு மாதிரி லேசு, ஒரு விரல்ல தூக்கலாம். அங்க இருந்து வந்த பெட்டி அஞ்சும் கல்லு மாதிரி கனம், எனக்கு இடுப்புப் பிடிச்சுக்கிச்சு. எதுக்குன்னு யோசிச்சேன். அந்தப் பொண்ணு பத்து வருஷத்துல நமக்குக் குடுத்தது எதையும் இவ திருப்பிக் குடுக்கல, நாம குடுத்த ஒவ்வொண்ணையும் அவ பத்திரமா வச்சிருந்து திருப்பிட்டா. அன்புன்னா கனம்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். மாடிப் படியில உட்கார்ந்து ஒரு பத்து நிமிஷம் அழுதேன், இடுப்பு வலியும் சேர்ந்துக்கிச்சு.

சும்மா இருக்க முடியல. டிராக்டர் சாரைக் கேட்டேன், ஒரு திருத்தம் எழுதிக் குடுங்க, ஆபீஸ் பிரிண்டர்ல ஒரே ஒரு தாள் அடிச்சு ஒரு காப்பியில மட்டும் ஒட்டிடுறேன்னு. அவரு மத்தியானம் சாப்பிடாம எழுதினாரு. 'சென்ற இதழில் வெளியான தோழி குறித்த பரிந்துரை தவறானது. அ வகைத் தோழிகள் நீண்ட நாள் உழைப்பவர்கள், எந்த நிலத்துக்கும் ஏற்றவர்கள், ஒருபோதும் கைவிடத்தக்கவர்கள் அல்லர்.' அவருக்கே கண்ணு கலங்கிடுச்சு. அதை ஒட்டி, காய வச்சு, நேத்து வக்கீல்கிட்ட நீட்டினேன். அவ நகத்தால ஓரத்தை ஒரு கீறு கீறினா. "பசை இன்னும் காயல. அதோட சாட்சி வச்சிருக்கிற காப்பியில இந்தத் தாளே இல்லையே"ன்னுட்டுப் போயிட்டா. அவ்வளவுதான், என் கைவசம் இருந்த வழியெல்லாம் தீர்ந்துச்சு.

இப்பக் கணக்கைப் பாரு. இன்னிக்கு சனிக்கிழமை. நாளைக்குக் காலையில லாரி. ரெண்டு பேரும் பேசாமலே பிரிஞ்சுட்டா, அந்தப் பொண்ணு புது ஊர்ல போய் உட்கார்ந்துக்கிட்டு, பத்து வருஷம் குடை பிடிச்சதுக்கு 'உன் காலம் முடிஞ்சு போச்சு'ன்னு ஒரு பேப்பர் சொன்னதைத்தான் நினைச்சுக்கிட்டு இருக்கும். அதை எழுதினது நான். நான் எத்தனையோ பாதியில விட்டிருக்கேன், காலேஜு, டைப்பிங் கிளாஸு, மெக்கானிக் ஷெட்டு, ஆனா எதை விட்டப்பவும் அடுத்தவங்களோடதை உடைச்சுட்டு வரல. இதுதான் முதல் தடவை. நான் சின்னவன், உன்னை ஆசீர்வாதம் பண்ண முடியாது, உன் கால்ல விழணும்னா நீ முந்நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்க. அதனால மன்னிச்சுடுன்னு மட்டும் எழுதுறேன். உடம்பைப் பார்த்துக்கோ, வேளைக்குச் சாப்பிடு, கூடப் படிக்கிறவங்களை விசாரிச்சதாச் சொல்லு, எனக்கு ஒரு நல்ல வார்த்தை

அக்கா, லாரி வந்துடுச்சு. நாளைக்குன்னு சொன்னது இன்னிக்கே வந்து எதிர் வீட்டு வாசல்ல நிக்குது, அங்கிள் பெட்டி தூக்க ஆரம்பிச்சுட்டாரு, சாட்சி கேட்டுல நிக்கிறா. இவ்வளவும் உனக்கே எழுதிட்டேன், இனிமே வக்கீலோட மிரட்டல் என்கிட்ட செல்லாது. அந்தப் பொண்ணுகிட்ட நேர்ல போய்ச் சொல்லிடுறேன், பத்துக்குப் பத்து அ-ன்னா என்ன அர்த்தம்னு. நான் போணும். போறேன்.

இப்படிக்கு,
உன் தம்பி

பி.கு.: மேல எழுதினது எதையும் நம்பாத. கிழிக்கலாம்னு பார்த்தேன், அத்தான் ஷூ போட ஆரம்பிச்சுட்டாரு, வேற எழுத நேரமில்ல.

நான் ரோட்டைத் தாண்டி ஓடி, சாட்சி முன்னாடி மூச்சு வாங்க நின்னு, "நீ தூக்கிப் போடுற ஜாதி இல்லம்மா, அது ஜீன்ஸு"ன்னு சொன்னேன். அவ தோள் மறுபடியும் குலுங்குச்சு. வாயைப் பொத்தியிருந்த கையை எடுத்தா, சிரிக்கிறா. அஞ்சு தடவையும் சிரிப்புதானாம். "மாமா, அந்தப் பச்சைக் குடை என்னோடதுதானே? நாங்க முதல் நாளே கண்டுபிடிச்சுட்டோம்"ங்குறா. போன மாசம் ரெண்டு பேரும் சேர்ந்துதான் அந்த ஜீன்ஸ் டெஸ்டைப் பண்ணினாங்களாம், இந்த மாசமும் அதே கட்டத்தைப் பார்த்ததும் வயித்தைப் பிடிச்சுக்கிட்டு உருண்டாங்களாம். நான் அங்க வேலை பார்க்கிறதும் தெரியுமாம். என் சட்டையில பசை நாத்தமாம்.

அந்த நேரத்துல அங்கிள் ஒரு பெட்டியைக் கனமா இருக்கும்னு நினைச்சு மூச்சுப் பிடிச்சுத் தூக்கினாரு. பெட்டி தலைக்கு மேல போயிடுச்சு, அவரு பின்னாடி போயி என் மேல விழுந்தாரு. பிரிச்சுப் பார்த்தா காத்து. அடுத்ததும் காத்து. லிஸ்ட்ல இருபத்து மூணு பெட்டி, லாரியிலயும் இருபத்து மூணு, அதுல அஞ்சு காலி. அந்த அஞ்சும் வக்கீலுக்கு அன்பு இல்ல, அதான் கனம் இல்லன்னு நினைச்சு நான் தூக்கிக்கிட்டுப் போன பெட்டிங்க. கனமான அஞ்சும் என் ரூம்ல, என் கட்டிலுக்கு அடியில இருக்கு. திறந்து பார்த்துட்டேன். யூனிஃபார்ம், பாடப் புத்தகம், தலகாணி உறை, பல் தேய்க்கிற பிரஷ், பச்சைக் குடை. சண்டைன்னு சொல்லிட்டா பெட்டி போக்குவரத்தை ஒரு பெரியவங்களும் கேக்க மாட்டாங்கன்னு வக்கீல் போட்ட திட்டம். பரீட்சை முடியற வரைக்கும் சாட்சி நம்ம வீட்டுலதான். ரெண்டு வாரமா அந்தப் பொண்ணு என்னை வச்சே குடி வந்திருக்கு, நான் கூலிக்காரன்.

நடு ரோட்டுல வக்கீல் அங்கிள்கிட்ட இருபது நிமிஷம் வாதாடினா, சாட்சி பக்கத்துல நின்னு தலையாட்டினா, லாரி டிரைவர் எஞ்சினை ஆஃப் பண்ணிட்டுக் கேட்டாரு. கடைசியில அங்கிள், "உங்க அம்மா சரின்னு சொன்னா சரி"ன்னுட்டாரு. அதனால இப்ப எல்லாரும் உன் பதிலுக்குத்தான் நிக்கிறாங்க, நாளைக்குக் காலையில கிளம்பப் போற லாரி உள்பட. முழுக் கதையும் படிக்காம போன்ல கேட்டா நீ வேணாம்னுடுவேன்னு வக்கீல் யாரையும் உனக்கு போன் பண்ண விடல. இதைப் படிச்சதும் சரின்னு ஒரே வார்த்தை போன் பண்ணு அக்கா. இல்லைன்னா அஞ்சு பெட்டியையும் நான்தான் திருப்பித் தூக்கணும், இந்தத் தடவை ஒண்ணு கூட காலியா இருக்காது.